படித்துறைப் பக்கம் செத்த பூச்சிகள்

என் மகன் பெங்களூரில் வேலை பார்க்கிறான். அவனுக்குப் புதிதாக ஒரு கிறுக்குப் பிடித்திருக்கிறது. கோழி இறகையும் நூலையும் தூண்டில் முள்ளில் சுற்றிப் பூச்சி மாதிரி செய்து, அதை ஏரியில் வீசி மீன் பிடிக்கிறானாம். பிடித்த மீனை முத்தம் கொடுக்காத குறையாகத் திரும்பவும் தண்ணீரிலேயே விட்டுவிடுகிறானாம். போன மாதம் போனில் கேட்டான்: "தண்ணில என்ன பூச்சி ஓடுதுன்னு தெரிஞ்சாத்தான்பா அதே மாதிரி கட்ட முடியும். நீங்க அதுல கில்லாடின்னு ஊர்ல சொல்றாங்களே, எப்படிப்பா கண்டுபிடிப்பீங்க?"

எனக்குச் சுர்ரென்று வந்தது. "உனக்கு வேற வேலை இல்லையா?" என்று போனை வைத்துவிட்டேன். அவன் என்ன செய்வான் பாவம், அவனுக்கு யார் சொன்னது? அவன் அம்மாவிடம்கூட நான் பாதிதான் சொல்லியிருக்கிறேன். மீதியை இப்போது எழுதிவிடுகிறேன். இதனால் கெட்டுப்போக வேண்டியவர்கள் எல்லாரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், என்னைத் தவிர.

எங்கள் ஊர் குத்தாலத்துக்குத் தெற்கே. எங்கள் தெரு ஊரைவிட்டுத் தள்ளி இருந்தது. தெருவில் எல்லாரும் பண்ணைக் கூலிகள். தெருவுக்கும் பண்ணை வயலுக்கும் நடுவில் ஒரு குளம். மேற்குக் கரையில் மதகு. பண்ணை வயலிலிருந்து வடியும் தண்ணீர் அது வழியாகத்தான் குளத்தில் விழும். கிழக்குக் கரையில் எங்கள் தெருப் படித்துறை. இந்த இரண்டு கரையை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், போதும்.

குளத்து மீனைப் பஞ்சாயத்தில் ஏலம் விடுவார்கள். எடுப்பது எப்போதும் பண்ணைதான், வேறு யாருக்குத் தைரியம்? ஆனால் ஏலம் வலைக்குத்தான், தூண்டிலுக்கும் கைக்கும் கிடையாது என்று ஒரு வழக்கம் இருந்தது. பண்ணையின் நிர்வாகத்தைப் பார்த்துக்கொண்ட காரியக்காரர் சைக்கிளில் போகும்போது தூண்டிலோடு உட்கார்ந்திருப்பவனை முறைப்பார். முறைப்பாரே தவிர எழுப்பமாட்டார்.

நான் அப்போது கல்யாணம் ஆகாத தடியன். என்னிடம் நீல விளிம்பு போட்ட ஒரு வெள்ளை எனாமல் தட்டு இருந்தது. கிழிந்த வேட்டித் துண்டு ஒன்றை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்து, அல்லி இலைக்கு அடியில் விட்டு மெதுவாகத் தூக்குவேன். துணியில் வந்ததைத் தட்டில் கொஞ்சம் தண்ணீரோடு உதறுவேன். முதலில் வெறும் சேறுதான் தெரியும். ஒரு பீடி பிடிக்கிற நேரம் பொறுத்தால் கலங்கல் அடங்கித் தட்டு ஊர ஆரம்பிக்கும். சிறகு முளைக்காத தட்டான் குஞ்சுகள் சாம்பல் நிறத்தில் நகரும். நிறைய இருந்தால் விரால் கரையோரம் இருக்கிறது என்று அர்த்தம்; அதிலேயே ஒன்றை உயிரோடு முதுகில் கோத்துப் போட்டால் அரை நாழிகையில் விரால் வரும். சேற்றில் சிவப்புப் புழு நெளிந்தால் கெளுத்தி அடித்தரையில் மேய்கிறது. மூன்று வால் வைத்த மெல்லிய பூச்சி தண்டெல்லாம் அப்பிக்கொண்டிருந்தால் கெண்டை மேலே வரப்போகிறது. கூனி என்கிற பொடி இறால் கண்ணாடி மாதிரி துள்ளும். மல்லாந்தபடியே நீந்தும் ஒரு பூச்சி உண்டு, அதற்கு நாங்கள் மல்லாந்தான் என்று பெயர் வைத்திருந்தோம். அதுவும் நீர்த்தேளும் தண்ணீருக்கு மேலே வந்து மூச்சு வாங்கிவிட்டுப் போகும். விராலும் அப்படித்தான், காற்றை வாய் வைத்துக் குடித்துவிட்டுப் போகிற மீன்.

"பூச்சிக்கு ஜாதகம் பாக்குறான்டா எந்தம்பி" என்று என் அண்ணன் கேலி செய்வான். ஆனால் மீன் வேண்டுமென்றால் முதலில் என்னிடம்தான் வந்து நிற்பான்.

அண்ணன் விவசாயக் கூலிகள் சங்கத்தில் முன்னால் நிற்கிற ஆள். கொடி பிடிப்பதென்றால் அவன்தான், கோஷம் போடுவதென்றால் அவன்தான். மூன்று பிள்ளைகள். மூத்தது பெண், ஆறு வயசு. என் இடுப்பில்தான் வளர்ந்தது. "சித்தப்பா, தட்டுல எனக்கொரு இடம் விடு" என்று தலையை நீட்டிக்கொண்டு அந்தப் பூச்சிகளையே பார்த்துக்கொண்டிருக்கும்.

நாங்கள் ஓட்டுப் போட்ட கட்சிதான் ஆட்சியில் இருந்தது. கறுப்பு சிவப்புக் கொடி கட்டிய ஜீப்பில் வந்து, இனிமேல் உங்கள் ராஜ்யம் என்றார்கள். ராஜ்யம் வந்தது, கூலி மட்டும் வரவில்லை. அந்தப் புரட்டாசியில் குறுவை முற்றிச் சாய்ந்து நின்றபோது, கூலி நெல்லை உயர்த்தாமல் அரிவாளைத் தொடமாட்டோம் என்று சங்கம் முடிவெடுத்தது. பண்ணை வெளியூர் ஆட்களை இறக்கப் பார்த்தது. எங்கள் ஆட்கள் மதகடியில் இரவும் பகலும் காவல் உட்கார்ந்தார்கள். போலீஸ் லாரி வந்து நின்றது. சங்கத்தின் கட்டளை ஒன்றே ஒன்று: எந்த ஊரிலும் எந்தப் பண்ணையிலும் எவனும் கூலிக்குப் போகக்கூடாது. போனால் அவன் குடும்பத்தோடு யாரும் நெருப்புத் தண்ணீர் புழங்கமாட்டார்கள்.

மூன்றாவது வாரத்தில் தெருவில் உலை வைக்கிற வீடுகள் குறைந்தன. பிள்ளைகள் அழுவதை நிறுத்திவிட்டன, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. நத்தை, வயல் நண்டு, கீரைத்தண்டு என்று கிடைத்ததைத் தின்றோம். குளம்தான் தெருவுக்குக் கஞ்சி ஊற்றியது. நான் விடிந்ததும் தட்டைப் போட்டுப் பார்த்து, இன்றைக்கு எந்தப் பக்கம், என்ன இரை என்று சொல்வேன். பத்துப் பதினைந்து தூண்டில் அந்தப் பக்கம் போகும். வாழ்க்கையில் என் சொல்லுக்கு மரியாதை இருந்தது அந்த மூன்று வாரம்தான். எனக்கும் கொஞ்சம் தலைக்கனம் ஏறியிருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அன்றைக்கு விடியும்போதே வானம் மூடிக்கொண்டு புழுக்கமாக இருந்தது. படித்துறைக்குப் போனேன். கரையோரத்தில் தவிடு கொட்டினது மாதிரி கூனி. தண்ணீரைவிட்டு மேலே ஏறி மண்ணில் கிடந்து துடிக்கிறது. கெண்டை வாயைத் திறந்து திறந்து மேலே வருகிறது. புழுக்கமான நாட்களில் அப்படி ஆவதுண்டு. குளம் மயங்கிடுச்சு என்போம். தண்ணீர் கெட்டு மீனுக்கு மூச்சு முட்டும், கையாலேயே அள்ளலாம். கைக்குத்தான் ஏலம் இல்லையே! எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. தெருப் பக்கம் திரும்பிக் கத்தினேன்: "ஓடியாங்க எல்லாரும், குளம் மயங்கிடுச்சு!"

கூடையும் குண்டானுமாகத் தெருவே வந்து இறங்கியது. அண்ணனும் வந்தான். கண் சிவந்து, நல்ல தூக்கமில்லாதவன் மாதிரி இருந்தான். இரண்டு நாளாக மாமியார் ஊருக்குப் போய்விட்டு முந்தின நாள் பொழுது சாய்ந்துதான் திரும்பியிருந்தான். சிரித்துக்கொண்டே என் முதுகில் தட்டினான். "கெட்டிக்காரன்டா நீ" என்றான்.

தட்டை நான் எடுக்கவே இல்லை. தினமும் போட்டுப் பார்ப்பவன், அன்றைக்குப் போடவில்லை. எதற்குப் போட வேண்டும், அதுதான் கண்ணெதிரே அள்ளிக்கொள்ளென்று கிடக்கிறதே. போட்டிருந்தால் மல்லாந்தானும் நீர்த்தேளும் செத்துக் கிடப்பதைப் பார்த்திருப்பேன். மேலே வந்து மூச்சு வாங்குகிற பூச்சிக்குத் தண்ணீர் கெட்டால் என்ன, கெடாவிட்டால் என்ன? அது செத்தால் வேறு காரணம் இருக்கிறது. இவ்வளவு ஏன், ஒரு விரால் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்ததை நான் பார்த்தேன். விரால் எந்தக் காலத்திலும் மயங்காது என்று தெரிந்தவன் நான். நல்ல கனமான விரால் என்று எடுத்துக் கூடையில் போட்டுக்கொண்டேன். பசி வந்தவனுக்கு அறிவு வேலை செய்யாது என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். அண்ணன் மகள் அதை ஏற்றுக்கொள்ளாது.

அது படித்துறையில் உட்கார்ந்து கரையில் கிடந்த கூனியைப் பாவாடையில் பொறுக்கிக்கொண்டிருந்தது. "இது பூரா எனக்குத்தான் சித்தப்பா, யாருக்கும் தரமாட்டேன்" என்றது. அண்ணி சட்டியில் போட்டு வறுத்துக் கொடுத்தாள். குடலெடுக்க முடியாத பொடி இறால், அப்படியே முழுசாகத் தின்பது. பிள்ளை மூன்று வாரத்துக்கு அப்புறம் வயிறு நிறையத் தின்றது.

உச்சிப்பொழுதுக்குள் வீட்டுக்கு வீடு வாந்தி. பெரியவர்கள் தலை சுற்றுகிறது என்று படுத்தார்கள். என் வயிறும் புரட்டியது. அண்ணன் வீட்டிலிருந்து அண்ணி அலறினாள். ஓடினேன். பிள்ளைக்குக் கையும் காலும் வெட்டி வெட்டி இழுக்கிறது, வாயில் நுரை. வண்டி கட்டினோம். அண்ணன் மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். குத்தாலம் போகிற பாதி வழியில் இழுப்பு நின்றது. அண்ணன் அதைப் பார்த்து, "சரியாயிடுச்சு பாரு, தூங்குது" என்றான். வண்டி ஓட்டியவனும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். வண்டியைத் திருப்பு என்று நான்தான் சொன்னேன்.

நாங்கள் திரும்பும்போது தெரு கொதித்துக்கொண்டிருந்தது. காரியக்காரர் காவலுக்குத் தெரியாமல் வயல் வாய்க்காலில் ஊற்றி மதகு வழியாக எண்ட்ரின் கலந்துவிட்டார், தூண்டிலையும் பிடுங்கிக்கொண்டால் சங்கம் தானாக உடையும் என்று பண்ணை கணக்குப் போட்டிருக்கிறது என்று பேச்சு. எண்ட்ரின் அப்போது வயலுக்கு அடித்த பூச்சிமருந்து. குடித்துச் செத்தவர்களும் உண்டு. நானும் அதைத்தான் நம்பினேன். பண்ணை செய்யக்கூடியதுதானே! கையில் ஆதாரம் இருந்தால் நல்லது என்று தட்டையும் துணியையும் எடுத்துக்கொண்டு குளத்துக்குப் போனேன்.

மதகிலிருந்து ஆரம்பித்தேன். துணியைத் தூக்கித் தட்டில் உதறினேன். கலங்கல் அடங்கியது. தட்டு ஊர்ந்தது. மல்லாந்தான் நீந்தியது, நீர்த்தேள் காலை ஆட்டியது, கூனி துள்ளியது. இது என்னடா என்று இன்னொரு தடவை போட்டேன். எல்லாம் உயிரோடு இருந்தன. வடகரையோரமாகப் பத்தடிக்கு ஒரு தடவை போட்டுக்கொண்டே வந்தேன். பாதிக் கரை வந்ததும் தட்டான் குஞ்சுகள் சுருண்டு கிடந்தன. கிழக்கே வர வர ஒன்றுமே அசையவில்லை. தெற்குக் கரையிலும் அதே கதைதான். படித்துறைக்கு நேரே போட்டபோது தட்டு முழுக்கச் செத்த பூச்சி. தட்டை மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டேன். விஷம் மதகு வழியாக வரவில்லை. எங்கள் தெருப் படியில்தான் தண்ணீரில் இறங்கியிருக்கிறது.

சாவு வீட்டுக்குப் போனேன். அண்ணன் வாசலில் ஆண்களோடு தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தான். உள்ளே அண்ணி பிள்ளையின் பாவாடையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். கதவுக்குப் பின்னால் ஒரு புது டின். காகிதத்தைச் சுரண்டியிருந்தார்கள், மண்டையோட்டுப் படம் பாதி மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. தெருவில் வீட்டுக்கு ஒன்று அப்படி இருக்கும், மண்ணெண்ணெய் ஊற்றி வைக்க. மருந்து டின் காலியானால் கெஞ்சி வாங்கி வருவார்கள், நல்ல கெட்டித் தகரம். இது ஏது என்று அண்ணியிடம் கேட்டேன்.

அவள் வாசலைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள். "யார்கிட்டயும் சொல்லிப்புடாதீங்க தம்பி. மாமியா ஊருக்குன்னு சொல்லிட்டு ஆத்துக்கு அக்கரையில ஒரு பண்ணைக்கு மருந்து அடிக்கப் போனாரு. புள்ளைங்க முகத்தப் பாக்க முடியலன்னுதான் போனாரு. அவுங்க குடுத்த டின்னுதான் அது. அப்புடியே ஒண்ணும் எடுத்தாரல, வர்றப்ப நம்ம படித்துறையில மண்ணு போட்டுத் தேச்சுத் தேச்சுக் கழுவிட்டுத்தான் கொண்டாந்தாரு."

கழுவிவிட்டுத்தான் என்று அவள் அழுத்திச் சொன்னாள், புருஷனைக் குறை சொல்லிவிடக்கூடாதே என்று. அடியில் எத்தனை சொட்டு நின்றதோ, புரட்டாசிக் குளத்தில் தண்ணீரும் குறைவு. அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அண்ணனுக்கும் விளங்கவில்லை. காலி டின் காலிதானே என்று இருந்திருக்கிறான். அன்று சாயங்காலம் பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்தபின், அந்த டின்னை எடுத்துப்போய் ஆற்றோர மண்ணில் ஆழமாகப் புதைத்தேன்.

மறுநாள் தாசில்தார் வந்தார். அதற்கு முன்னால் சங்கத் தலைவர் என்னைத் தனியாக அழைத்தார். "உன்னத் தவிர இதச் சொல்ல ஆளில்ல தோழர். பூச்சியப் பாத்து எந்தப் பக்கம் வந்துச்சுன்னு நீ சொன்னா தாசில்தார் எழுதித்தான் ஆகணும். மதகுன்னு சொல்லு, போதும்."

"பாத்துட்டேன் தோழர்" என்றேன்.

"அப்புறம் என்ன? சொல்லிடு."

நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று இப்போது எனக்கு நன்றாகத் தெரியும். அப்போதும் தெரியும். உண்மையைச் சொன்னால், பெற்ற பிள்ளையைத் தன் கையாலேயே கொன்றவன் என்றும், பசிக்குச் சங்கத்தை விற்றவன் என்றும் அண்ணனைத் தெருவே துப்பும். அதைவிட, அவனுக்கே தெரிந்துவிடும். அதை மட்டும் என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. மதகு என்று சொன்னால் காரியக்காரரை நாலு நாள் உள்ளே வைப்பார்கள், பண்ணை பணத்தைக் கொட்டி வெளியே எடுத்துவிடும், அவ்வளவுதான். இப்படித்தான் யோசித்தேன். ரொம்பப் புத்திசாலி நான்!

குளக்கரையில் தெருவே நின்றது. தாசில்தார் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். காரியக்காரர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார். அவர் நல்லவர் இல்லை. என் அப்பாவைக் களத்தில் செருப்பால் அடித்தவர். அவர் சொன்னார்: "நான் கலக்கலீங்க. எம் மாடும் இந்தக் குளத்துலதாங்க தண்ணி குடிக்குது. எனக்கும் ஒரு பொம்பளப் புள்ள இருக்குங்க."

தாசில்தார் என்னைக் கேட்டார். "நீதான் பூச்சி பாக்குறவனா? எந்தப் பக்கம்யா செத்துக் கெடந்துச்சு?"

"மதகுப் பக்கங்க" என்றேன். "மதகுலேர்ந்து கெழக்க வர வரக் கொறையுதுங்க. படித்துறையில கெடந்ததெல்லாம் அலையில வந்து ஒதுங்குனதுங்க."

அவர் எழுதிக்கொண்டார். காரியக்காரர் என்னையே பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன், இவன் ஏன் இப்படிச் சொல்கிறான் என்று புரியாமல் பார்த்தார். என் பக்கத்தில் அண்ணன் நின்றிருந்தான். முந்தின நாளிலிருந்து ஓயாமல் அழுதுகொண்டிருந்தவன் அந்த நிமிஷம் அழுகையை நிறுத்தினான். நல்லது, மனம் ஆறிவிட்டது என்று நான் நினைத்தேன். நினைத்தேன் பாருங்கள்!

போலீஸார் காரியக்காரரை அழைத்துப்போய் விசாரித்துவிட்டு, அன்றைக்குச் சாயங்காலமே விட்டுவிட்டார்கள். மூன்றாம் நாள் காலையில் அவர் மதகு ரோட்டில் சைக்கிளில் வந்தபோது அண்ணன் கருக்கரிவாளோடு குறுக்கே போய் நின்றான். வெட்டிவிட்டு ஓடவில்லை. போலீஸ் வருகிறவரைக்கும் கரையிலேயே உட்கார்ந்திருந்தானாம். நான் ஓடிப்போனபோது காரியக்காரர் உடம்பின் மேல் யாரோ வைக்கோலைப் போட்டு மூடியிருந்தார்கள். சைக்கிளில் ஒரு பை தொங்கியது. அதற்குள் பள்ளிக்கூடத்து சிலேட்டு ஒன்று இருந்தது.

கோர்ட்டில் நான் உண்மையைச் சொன்னால் தண்டனை குறையுமா கூடுமா என்று வக்கீலைக் கேட்கலாமா என்று பல தடவை நினைத்தேன். கேட்டால் உண்மை வெளியே வந்துவிடும். வாயைத் திறக்கவில்லை. அண்ணனுக்கு ஆயுள். கூலி கொஞ்சம் உயர்ந்தது. சங்கம் ஜெயித்தது என்றார்கள். சாட்சி சொன்னவன் என்று எனக்கு ஒரு பெயர் வந்தது. அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டே கட்சிக்காரர் ஒருவர் அரசாங்க மீன் பண்ணையில் எனக்கு வேலை வாங்கிக் கொடுத்தார். குஞ்சுத் தொட்டியில் என்ன பூச்சி இருக்கிறது என்று பார்க்கிற வேலை. பென்ஷன் வருகிறவரைக்கும் அதைத்தான் செய்தேன். அந்தச் சம்பளத்தில்தான் மகனைப் படிக்க வைத்தேன். அண்ணியையும் மற்ற இரண்டு பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டதும் அதில்தான்.

ஜெயிலுக்கு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை போவேன். ஒவ்வொரு தடவையும் சொல்லிவிட வேண்டும் என்று பஸ் ஏறுவேன். ஆறாவது வருஷம் அண்ணனுக்கு நெஞ்சில் சளி கட்டி ஆள் பாதியாகிவிட்டான். இனிமேல் நாள் இல்லை என்று பார்த்ததுமே தெரிந்தது. கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு ஊர்க்கதை எல்லாம் கேட்டான். இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று நான் தொண்டையைச் செருமினேன்.

அவன் முந்திக்கொண்டான். "தம்பி, எனக்கு ஒரு கொறையும் இல்லடா. புள்ளையக் கொன்னவன் யாருன்னு தெரியாமலே இருந்திருந்தா நான் பைத்தியம் புடிச்சுத் திரிஞ்சிருப்பேன். இப்பப் படுத்தாத் தூக்கம் வருது. அத்தன பேரு நடுவுல பயப்படாம நின்னு நீதான்டா சொன்ன. நீ சொல்லலன்னா எனக்கு எப்படித் தெரியும்?"

சொல்லிவிட்டு இரண்டு கையையும் சேர்த்து என்னைக் கும்பிட்டான். என்னைவிட எட்டு வயசு மூத்தவன். நான் பேசாமல் அதை வாங்கிக்கொண்டேன்.